மணிக்கோவைக் கலை: பழமையும் புதுமையும்

திருகோணமலையிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்னும் ஊர்களைக் கடந்து சென்றால் குச்சவெளியை அடையலாம். உப்பும் மீனும் தரும் கடற்கரையூர் அது. அலை ஒதுக்கிய சோகிகளையும் சிறு சிப்பிகளையும் பொறுக்கித் துளையிட்டு, நூலிற் கோத்துக் கழுத்தில் இட்டு மகிழும் சிறுமியரை இத்தகைய கரைகளிலே காண்கிறோம். வேலியோரத்துக் குன்றிமணியும் மஞ்சாடி விதையும் கிடைக்குமாயின் அக்கோவை மேலும் அழகு பெறும். சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு, மீண்டும் சிவப்பு ஒன்று எனத் தமக்குள்ளே ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டு அவர்கள் கோப்பர். அவ்வொழுங்கை அவர்க்கு எவரும் வகுப்பில் வைத்துக் கற்பித்ததில்லை.

மனிதன் உழவு கற்பதற்கும் மட்பாண்டம் வனைவதற்கும் நெடுங்காலத்துக்கு முன்னரே மணி கோக்கக் கற்றுவிட்டான். தென்னாபிரிக்காவின் புளொம்பொசுக் குகையிற் கிடைத்த துளையிட்ட நத்தை ஓடுகள் ஏறத்தாழ 75,000 ஆண்டுப் பழமையுடையன என்பர். நம் நாட்டிலும், களுத்துறை மாவட்டத்துக் காட்டகத்தேயுள்ள பாகியன் குகையிற் கடற்சிப்பியாலும் காவிக்கல்லாலும் ஆகிய பழைய மணிகள் கிடைத்துள்ளன. காட்டில் வாழ்ந்தோர் கழுத்தில் அணிந்தது கடலின் சிப்பி. மணிக்கோவை தொடக்கத்திலிருந்தே ஊர்விட்டு ஊர் சென்ற பொருள் என்பது இதனாற் புலனாகும்.

இற்றை நாளில் உலகெங்கும் கலைஞர்கள் பல்வேறு மக்களின் பழைய மணிவேலைகளை நோக்கி, அவற்றினின்றும் புதிய அணிகளையும் ஓவியங்களையும் வகுத்து வருகின்றனர். சூலு மக்களின் நிறமும், செவ்விந்தியரின் தையலும், எகிப்தியரின் மார்பணியும் இன்று நகரத்துக் கடைகளிலே புதுவடிவம் பெற்று விளங்குகின்றன. இம்முயற்சியுள் எது கற்றல், எது வெறும் போலி என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின் மணி எங்கே பிறந்தது, எவ்வாறு பயணஞ் செய்தது, சென்ற இடத்திலே என்ன ஆயிற்று என்பவற்றை முறையே அறிதல் வேண்டும். அவ்வரலாற்றிலே நம் கரைகளுக்கும் ஓர் இடம் உண்டு.

தமிழிலே மணி

மணி என்னும் சொல் தமிழிலே பரந்த பொருளுடையது. ஒளிவிடும் கல்லும், முத்தும், பவளமும், கண்ணாடி உருண்டையும், தானியத்தின் வித்தும், கோயிலில் ஒலிக்கும் மணியும் அச்சொல்லுள் அடங்கும். கண்ணாடியாலான சிறுமணியைப் பாசி என்றும் பாசிமணி என்றும் வழங்குவர். சிவந்த சூதுபவளமும் கரிய கருகமணியும் நம் பாட்டிமார் அறிந்த பெயர்களே. தமிழகத்து முஸ்லிம் மக்களிடையே கருகமணி திருமணத்தில் அணிவிக்கப்படும் மங்கலப் பொருளாகும். சைவர் கையில் 108 உருத்திராக்கமும், முஸ்லிம்கள் கையில் 99 மணி கொண்ட தஸ்பீகும், கத்தோலிக்கர் கையிற் பத்துப் பத்தாகப் பகுத்த செபமாலையும் வழிபாட்டின் எண்ணிக்கையைக் காக்கின்றன. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் சொல் முதலில் வேண்டுதல் என்னும் பொருளையே உடையதாயிருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இவற்றினும் வியப்பைத் தருவது யாதெனின், நம் இலக்கியமே மணிகோக்கும் தொழிலினின்றும் தன் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டமையாகும். அகநானூற்றின் 400 பாடல்களைத் தொகுத்தோர் அவற்றை மூன்று பகுதிகளாக வகுத்து, நடுப்பகுதியின் 180 பாடல்களுக்கு மணிமிடைபவளம் என்றும், இறுதி 100 பாடல்களுக்கு நித்திலக்கோவை என்றும் பெயரிட்டனர். நீலமணியும் செம்பவளமும் விரவிக் கோத்த மாலையை ஒன்றும், முத்தையே நிரையாகக் கோத்த மாலையை மற்றொன்றும் நினைவூட்டுகின்றன. பிற்காலத்துப் பாட்டியலாரோ இதனை இன்னும் நுட்பமாக வகுத்தனர். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி 20 பாடல் வரின் அஃது இரட்டைமணிமாலை. ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை என மூன்று பாவும் அம்முறையே சுழன்று 30 பாடல் வரின் அது மும்மணிக்கோவை. நான்கு வகைப் பா சுழன்று 40 பாடல் வரின் நான்மணிமாலை. காரைக்காலம்மையார் இரட்டைமணிமாலை பாடினார். குமரகுருபரர் சிதம்பர மும்மணிக்கோவை செய்தார். பாரதியார் விநாயகர் நான்மணிமாலை இயற்றினார்.

இப்பிரபந்தங்களிலே ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக வருவது அந்தாதி. மணிக்குள் நுழைந்து வெளிப்பட்டு அடுத்த மணியுட் புகும் நூலின் செயலே அது. இறுதிப் பாடலின் முடிவு முதற் பாடலின் தொடக்கத்தோடு பொருந்துவதை மண்டலித்தல் என்பர். மாலையின் இரு நுனிகளையும் முடிந்து வளையமாக்கும் செயல் அது. ஆகவே, மணிக்கோவையின் உயிர் மணியில் மட்டும் இல்லை. எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், எத்தனைக்கு ஒருமுறை மீட்சி, எவ்விடத்தில் முடிச்சு என்னும் முறையிலே இருக்கின்றது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கலைஞன் ஒருவன் மணிவேலையினின்றும் கற்கவேண்டுவது எது என்பதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு. புலவர்கள் மாலையைப் படம் வரையவில்லை. மாலையின் முறையை எடுத்துப் பாட்டிலே வைத்தனர்.

நம் கரையிற் பிறந்த மணி

இனி மணி செய்த தொழிலை நோக்குவோம். தமிழகத்தின் கொங்கு நாட்டிலே, நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணல் என்னும் ஊரில் 1985ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தனர். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். செம்மையாகத் தீட்டி முடித்த மணிகளோடு, பாதி உடைத்தனவும், துளையிடுகையிற் பிளந்தனவும், கழித்தெறிந்த கற்சில்லுகளும் அங்கே கிடைத்தன. பச்சைக்கல், படிகம், நீலக்கல், சூதுபவளம் முதலிய பல கற்களிலே அங்கு வேலை நிகழ்ந்தது. முடிந்த மணி வணிகத்தைக் காட்டும். முடியாத மணியே தொழிலைக் காட்டும். கொடுமணலின் பெருமை அவ்வுடைந்த மணிகளாலேயே நிலைபெற்றது எனலாம்.

கல்மணி செல்வர் அணிந்தது. உலகை வலம் வந்ததோ கண்ணாடியாலான சிறுமணியாகும். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது உரோம நாட்டு மட்பாண்டங்களே ஆராய்ச்சியாளரின் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் அம்மண்ணிலே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு ஆகிய நிறங்களிற் கடுகும் மிளகும் போன்ற கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடந்தன. இவற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பீட்டர் பிரான்சிசு, கிழக்கே தென்கிழக்காசியா முதல் மேற்கே ஆபிரிக்கா வரை இதே வகை மணிகள் பரந்து கிடத்தலைக் கண்டு, இவற்றுக்கு இந்து-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார். ஆசியாவின் கடல்வழி மணி வாணிகம் பற்றிய அவருடைய பெருநூல் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஈழத்திலே இத்தொழிலுக்குரிய இடம் மாந்தை. திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டமே அது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பல நூற்றாண்டு காலம் இந்துமாகடலின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அங்கே 1980ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வு 1984ஆம் ஆண்டிற் போர்ச் சூழலால் நின்றது. அதன் முடிவுகள் 2013ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தன. மாந்தையிலும் இச்சிறுமணிகள் செய்யப்பட்டன என்பது அறிஞர் கருத்து. வடமேல் மாகாணத்தின் கிரிபாவ என்னும் இடத்திலோ கண்ணாடியையே மூலப்பொருள்களிலிருந்து உருக்கிய பழைய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன.

இம்மணியைச் செய்த முறை அறிவிற் சிறந்த ஒன்றாகும். மணலும் உவர்மண்ணும் கண்ணாடியின் முதற்பொருள்கள். மணலை மட்டும் உருக்க மிகப் பெருவெப்பம் வேண்டும். உவர்மண்ணிலுள்ள சோடா அவ்வெப்பத்தைக் குறைக்கின்றது. செம்பைச் சேர்த்து உலையின் காற்றை அடக்கி உருக்கினாற் செங்கல் நிறமான சிவப்பு வரும். காற்றை விட்டு உருக்கின் அதே செம்பு பச்சை கலந்த நீலத்தைத் தரும். ஈயமும் வெள்ளீயமும் கூடி மஞ்சளைத் தரும். கோபாலுற்று ஆழ்ந்த நீலத்தைத் தரும். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலின் முனையிற் கூம்புபோலத் திரட்டி, அதன் நடுவே துளை நிலைக்குமாறு செய்து, உலையின் வாயிலிருந்து நூல்போல் இழுப்பர். உள்ளே துளையுடைய மெல்லிய கண்ணாடிக் குழல் இடையறாது வெளிவரும். அக்குழலைத் துண்டுகளாக்கிப் பின்னர் மணியளவாக நறுக்குவர். நறுக்கிய துண்டின் விளிம்பு கூரியதாயிருக்கும். ஆகையால் அத்துண்டுகளைச் சாம்பலிற் புரட்டி மீண்டும் சூடாக்குவர். சாம்பல் துளையை அடைத்துக் காக்க, விளிம்பு மட்டும் உருகி மழுங்கும். பின்பு சலித்துக் கழுவிக் கோப்பர். ஒரு நாளில் ஒரு மணி செய்யும் தொழில் இவ்வாறு ஒரு நாளில் ஆயிரமாயிரம் மணி செய்யும் தொழிலாயிற்று. இம்முறை ஆந்திர நாட்டின் பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் அண்மைக்காலம் வரை உயிரோடிருந்ததை ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு எழுதியுள்ளனர்.

தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் உருக்கிய இக்கண்ணாடியில் அலுமினா என்னும் பொருள் மிகுந்திருக்கும். கருங்கற் பாறை கரைந்துண்டான நம் நாட்டு மணலின் இயல்பு அது. மேனாட்டுக் கண்ணாடியில் அவ்வாறில்லை. ஆதலின் ஆபிரிக்கக் காட்டில் ஒரு மணி கிடைப்பினும், அதன் இரசாயன அமைப்பை ஆராய்ந்து அது பிறந்த கரை எதுவெனக் கூற இயலுகின்றது. மணியைச் செய்தவன் பெயர் மறைந்தது. அவன் காலடியிற் கிடந்த மணல் இன்றும் சாட்சி சொல்கின்றது.

குச்சவெளிக்கு வடக்கேயுள்ள திரியாயின் பாறைக் கல்வெட்டு, கடல் கடந்து வாணிகஞ் செய்த வணிகக் கூட்டத்தாரை வடமொழியிற் புகழ்ந்து கூறுகின்றது. குச்சவெளிக் கடலோரப் பாறையிலும் பழைய வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. நம் கீழ்க்கரையும் அக்காலத்துப் பெருங்கடல் வாழ்விலே பங்குகொண்டிருந்தது என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

சென்ற இடமெல்லாம் புதுக்கலை

கடல் கடந்த மணி சென்ற நாட்டிலே யாது ஆயிற்று? ஆபிரிக்காவின் லிம்போப்போ ஆற்றங்கரையில் 11ஆம் 12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மக்கள் இந்துமாகடல் வழியாக வந்த சிறு நீலப்பச்சை மணிகளைப் பெற்றனர். அவற்றை அப்படியே அணிந்ததோடு அமையாமல், பல மணிகளை ஒன்றாக உருக்கி, மண்ணச்சில் வார்த்து, தடித்த பெருமணிகளைச் செய்தனர். பெருமணி வேண்டுமென்பது அவர் சுவை. அதனைப் பெற அயல்நாட்டு மணியைக் கச்சாப் பொருளாக்கியது அவர் திறமை. கடன்பெற்ற பொருளைத் தன்வயமாக்குதலுக்கு இதனிலும் தெளிவான உவமை இல்லை.

கிழக்கே தீமோர்த் தீவிலே சிவந்த சிறுமணிகளை மூத்திசாலா என்று போற்றி, தலைமுறை தலைமுறையாகக் காத்து, திருமணத்திற் பரிசமாகக் கொடுப்பர். போர்ணியோத் தீவின் கயான் மக்கள் குழந்தையை முதுகிற் சுமக்கும் பிரம்புத் தொட்டிலின் மேல் மணிவேலைப் பலகை ஒன்றைப் பொருத்துவர். அதில் முழு மனித உருவம் வைக்கும் உரிமை உயர்குடியினர்க்கே உண்டு. அங்கே கோலம் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. குழந்தையின் குடிநிலையைக் கூறும் முத்திரையும் ஆகும்.

பிற்காலத்திலே வெனிசும் பொகீமியாவும் சிறுமணித் தொழிலிலே தலைசிறந்தன. அம்மணிகளும் தம் நாட்டின் கலையைக் கொண்டு செல்லவில்லை. சென்ற நாட்டின் கலைக்குள் அடங்கின. வட அமெரிக்கச் சமவெளியின் செவ்விந்தியர் முள்ளம்பன்றியின் முள்ளைச் சாயமேற்றித் தோலிலே தட்டையாகத் தைத்து அணிசெய்தவர்கள். ஐரோப்பிய மணி கிடைத்தபோது அம்முள்வேலையின் பட்டைகளையும் கோணங்களையுமே மணியில் அமைத்தனர். பொருள் புதிது; இலக்கணம் பழையது. கென்யா, தன்சானியா நாடுகளின் மசாய்ப் பெண்கள் கம்பியிற் கோத்த மணிகளை வட்ட வட்டமாக அடுக்கிச் செய்யும் தட்டையான கழுத்தணியிலே வெண்மை பாலையும், நீலம் வானையும், பச்சை புல்லையும் குறிக்கும் என்பர். கால்நடை மேய்க்கும் மக்களின் உலகம் முழுவதும் அவ்வட்டத்துள் அடங்கிவிடுகின்றது. சூலு இளம்பெண்கள் தம் உள்ளத்துக்கினிய இளைஞர்க்கு மணிப்பட்டை ஒன்றை நெய்து கொடுப்பர். அதன் நிறங்களின் சேர்க்கை கடிதம்போற் செய்தி கூறும். நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறுபடுதலின் அவ்வூராரே அதனை நன்கு படிக்க வல்லர்.

நம் அயலிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சௌராட்டிர நாட்டு வீடுகளின் வாயிலிலே தொங்கும் மணித்தோரணங்கள் பெயர்பெற்றவை. வெண்மணிப் பரப்பில் யானையும் கிளியும் பிள்ளையாரும் வண்ணமணிகளால் எழுந்து நிற்கும். கிழக்காபிரிக்கக் கரையோடு வாணிகஞ் செய்த குசராத்தி வணிகர் 19ஆம் நூற்றாண்டிலே கொணர்ந்த ஐரோப்பிய மணிகள் இக்கலையை வளர்த்தன. ஐரோப்பாவிற் பிறந்த மணி, ஆபிரிக்க வாணிகத்தின் வழியே வந்து, சௌராட்டிரப் பெண்ணின் கையிலே பிள்ளையாராயிற்று.

இவையனைத்தையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். தூய்மையான, பிறர் கலப்பற்ற மணிக்கலை என ஒன்றை எங்கும் காண்டல் அரிது. பெறுதல் எங்கும் நிகழ்ந்துள்ளது. பெற்றவர் தம் வாழ்விலிருந்து அதற்கு ஒரு முறைமையையும் பொருளையும் தந்தபோதே அது கலையாக மலர்ந்தது.

கோலமும் தையலும்

அம்முறைமை யாதென மாணவர் அறியுமாறு சில சொல்லுவோம். மணிவேலைகள் கண்ணுக்கு எண்ணிறந்தனவாகத் தோன்றினும் அவற்றின் அடிப்படைகள் சிலவே. அவற்றை விளங்கிக்கொள்ள நம் வாயிற்கோலமே போதும்.

கோலத்திற்குப் புள்ளி வைப்பதில் இரு முறைகள் உண்டு. ஒரு வரிசைப் புள்ளியின் நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தல் நேர்ப்புள்ளி. இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள வெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தல் ஊடுபுள்ளி. மணிநெசவிலும் இவ்விரண்டே தலையாய முறைகள். சிறு தறியிற் பாவுநூல் கட்டி, ஒவ்வோர் இழையிடையிலும் ஒரு மணி அமையுமாறு ஊடை செலுத்தினால் மணிகள் நேர்ப்புள்ளியாக நிற்கும். சதுரமும், படிக்கட்டுப்போல் ஏறும் கோடும், எழுத்துகளும் இதில் எளிதாக அமையும். தறியின்றி, ஊசி ஒன்றையே கொண்டு, முன்வரிசையின் இரு மணிகளுக்கு இடையேயுள்ள பள்ளத்திற் புதுமணியை இருத்திச் சென்றால் மணிகள் செங்கற் சுவர்போல ஊடுபுள்ளியாக அமையும். சாய்கோடும் முக்கோணமும் அறுகோணமும் இதிலே இழைந்து வரும். இம்முறையைப் பண்டை எகிப்தியரும் அறிவர், செவ்விந்தியரும் அறிவர்.

மூன்றாவது வலைப்பின்னல். பல மணிகளுக்கு ஒருமுறை நூலை முடிச்சுமணியிற் செலுத்தித் திரும்பினால் மீன்வலைபோன்ற கண்கள் தோன்றும். வலை முடியும் ஊரிற் பிறந்தவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. நான்காவது, இரண்டிரண்டு மணிகள் எதிரெதிரே சாய்ந்து மீன்முள்போல நிரைபடும் முறை. தென்னாபிரிக்காவின் நிடெபெலே மக்களிடமிருந்து உலகம் கற்றது இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. ஐந்தாவது துணியிலும் தோலிலும் மணிச்சரத்தைப் பரப்பித் தைத்தல்.

தையல் மாறினாற் கோலமும் மாறும். ஊடுபுள்ளிக்கு உரிய முக்கோணத்தை நேர்ப்புள்ளியில் இட்டால் அதன் விளிம்பு பல்லுப்பல்லாய் உடைந்து தோன்றும். ஓர் அணியின் படத்தை மட்டும் பார்த்து அதன் உருவை வேறு தையலிற் பெயர்ப்பவர் அடையும் ஏமாற்றத்துக்குக் காரணம் இதுவேயாம். உருவம் முறையினின்றும் பிறந்தது. முறையை விட்டு உருவத்தை மட்டும் பெயர்த்தெடுத்தல் இயலாது.

இக்காலப் படைப்புகள்

இவ்வுண்மையை உணர்ந்து செய்தோரின் படைப்புகள் நிலைத்து நிற்கின்றன. 1922ஆம் ஆண்டிலே தூத்தன்காமன் கல்லறை திறக்கப்பட்டபின் எகிப்திய மார்பணிகளின் அழகு மேனாட்டு அணிகலத் தொழிலையே மாற்றியது. இதழிதழாகப் பூத்தொடுத்த மாலையைக் கண்டு எகிப்தியர் நீலமணியில் அம்மார்பணியை அமைத்தனர். அதனைக் கண்டு 20ஆம் நூற்றாண்டினர் புதிய அணி வகுத்தனர். நிடெபெலே மூதாட்டி எசுதர் மலாங்கு தம் தாயிடமும் பாட்டியிடமும் கற்ற சுவரோவியக் கோலங்களை 1991ஆம் ஆண்டில் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் கார் ஒன்றின் மேல் தீட்டினார். அக்கோலங்கள் அம்மக்களின் மணிவேலைக் கோலங்களுக்கு உடன்பிறந்தவை. கருவி புதிது, களம் புதிது, கை மாறவில்லை.

அமெரிக்கக் கலைஞர் யொய்சு சுகொட்டு ஊடுபுள்ளித் தையலையே சிற்பக்கலையாக்கி, நிறவெறியின் கொடுமை முதலிய சமூகக் கேடுகளை மணியினாற் பேசினார். 2016ஆம் ஆண்டில் மக்கார்தர் புலமைப் பரிசிலைப் பெற்றார். லைசா லூ என்பவர் 1991 முதல் 1996 வரை உழைத்து முழு அளவான சமையலறை ஒன்றை மணிகளாற் போர்த்தார். பின்னர் 2005ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் தேர்பனுக்குச் சென்று சூலு மணிநெசவாளருடன் கூடிப் பணிசெய்தார். கானா நாட்டின் குரோபோ மக்களோ உடைந்த போத்தல்களை இடித்துப் பொடியாக்கி, மண்ணச்சில் நிரப்பி, நடுவே மரவள்ளி இலைக்காம்பை நட்டுச் சூளையில் வைப்பர். காம்பு எரிந்துபோகத் துளை எஞ்சும். குப்பையிற் கிடந்த கண்ணாடி இவ்வாறு அணியாகி ஏற்றுமதியாகின்றது.

மறுபக்கமும் உண்டு. ஒரு குலத்தார் துக்கத்திலும் மணத்திலும் அணியும் கோலத்தை அதன் பொருளறியாது பெருந்தொகையாகச் செய்து, அக்குலத்தின் பெயரையே விளம்பரமாக்கி விற்பதும் நிகழ்கின்றது. செவ்விந்தியர் செய்யாத பொருளைச் செவ்விந்தியர் செய்தது எனக் கூறி விற்றலைக் குற்றமாக்கி அமெரிக்கா 1990ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. மசாய் மக்களும் தம் பெயரையும் கோலத்தையும் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் உரிமைப் பங்கு கோரி வருகின்றனர். கோலத்தைக் கண்டு கற்பதை எவரும் வெறுப்பதில்லை. கற்பித்தவரின் பெயரை மறைத்தலும், அவர் உழைப்பின் பயனைத் தாமே கொள்ளுதலுமே நெஞ்சைச் சுடுகின்றன.

இக்குறை நமக்கும் நேர்ந்ததே. நம் கரைகளிலே மணி இழுத்த தொழிலாளரின் பெயர்களுள் ஒன்றேனும் நமக்குத் தெரியாது. அவர்தம் மணியால் அணிபெற்ற நாடுகளின் கலைவரலாற்றில் அவர்க்கு இடமில்லை. நம் பாடநூல்களிலும் பெரிதாக இல்லை. தமக்கு நேர்ந்த மறதியை உணர்ந்தவர் பிறர்க்கு அதனைச் செய்யலாகாது.

நாம் செய்யத்தக்கன

இன்று நம் சந்தைகளிலே பிளாத்திக்கு மணிகள் மலிந்துவிட்டன. அவற்றைக் கோப்பதிற் குற்றமில்லை; பொருள் எதுவாயினும் கலை முறையிலேயே உள்ளது என்று மேலே கண்டோம். ஆனால் முறையை எங்கிருந்து பெறுவது? அயல்நாட்டு இதழ்களின் படங்களுக்கு முன்னே, நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கலாம். வடகீழ்க் கரையோரத்துப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையாற் பெட்டி இழைப்பர்; பன்புல்லாற் பாய் பின்னுவர். அவற்றிற் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டங்களும் சாய்வரிகளும் எத்தனை! செவ்விந்தியப் பெண் முள்வேலையை மணியிற் பெயர்த்ததுபோல நம் மாணவியர் பாய்ப்பின்னலை நேர்ப்புள்ளி மணியிலும், ஊடுபுள்ளிக் கோலத்தை ஊசித் தையலிலும் அமைத்துப் பார்க்கலாம். மும்மணிக்கோவையின் சுழற்சியை மூன்று நிறத்தில் கோத்துப் பார்த்தால் யாப்பிலக்கணமும் ஓவியமும் ஒருங்கே விளங்கும். கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு மணியாகக் குறித்து, ஊரின் பின்னல்களைப் படியெடுத்து, செய்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அருகே எழுதி வைத்தல் கல்லூரிக் கழகம் ஒன்று ஓராண்டிற் செய்து முடிக்கக்கூடிய பணி. மூத்த தலைமுறையினர் மறையுமுன் அது செய்யப்படல் வேண்டும்.

மற்றொன்றும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பழைய ஊர்களின் மேட்டு நிலங்களிலே மழை கழுவிய பின் சிறுமணிகள் வெளித்தோன்றுதல் இயல்பு. அவற்றைப் பொறுக்கி மாலையாக்குவதும் விற்பதும் பலர்க்கு விளையாட்டாகத் தோன்றும். மணி எந்த மண்படையில், எந்தப் பாண்டத்தோடு, எந்தக் கழிவோடு கிடந்தது என்பதே அதன் வரலாறு. அவ்விடத்தினின்றும் எடுக்கப்பட்ட மணி அழகுடையதாயிருக்கலாம். ஆனால் அஃது ஊமை மணியாகிவிடும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இத்தகைய பொருள்களைக் காக்கின்றது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்றி, தம் முன்னோரின் சான்றைத் தாமே அழித்தலாகாது என்னும் உணர்வினாலும் மாணவர் அவற்றைத் தொடாது விட்டு, உரிய திணைக்களத்துக்கு அறிவித்தல் கடன்.

குச்சவெளிக் கரையிற் சோகி கோக்கும் சிறுமியிடம் மீண்டும் வருவோம். அவள் கோக்கும் ஒழுங்கு அவளுடையது. ஆயினும் அவ்வொழுங்கிலே 75,000 ஆண்டு மனித வழக்கம் ஒன்று தொடர்கின்றது. அவள் காலடி மணலைப் போன்ற மணலே ஒரு காலத்தில் உலையிற் புகுந்து, நிறம் பெற்று, பாய்மரமேறி, அறியாத மக்களின் கழுத்தில் ஒளிர்ந்தது. பிறர் கலையினின்றும் அவள் நாளை எதனைக் கற்பினும் கற்கட்டும். கற்ற இடத்தின் பெயரை மறவாமல், தன் ஊரின் முறையையும் அதனோடு கோப்பாளாயின் அந்தக் கோவை அறாது.